பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால் பால் ஏன் மாலை வரை தாங்குகிறது?

வாசகர் கேள்வி: 3 மே 2024, இரவு 9.12

பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் என்று பள்ளியில் படித்தோம். ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கிக் கணக்குப் போட்டால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான டன் வருகிறது. இரண்டு நாளில் பூமியின் எடையையே மிஞ்சுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் காலையில் கறந்த பாலைக் காய்ச்சி அடுப்பங்கரையிலேயே வைத்தாலும் மாலை வரை ஒன்றும் ஆவதில்லை. ஆகவே அந்த 20 நிமிடம் என்பது பாடப்புத்தகக் கற்பனை என்பது என் கட்சி. பால் துறையில் இருந்தவர்கள் மறுத்துச் சொல்லட்டும்.

பதில்: 3 மே, இரவு 10.40

கணக்கில் பிழை இல்லை. 24 மணி நேரத்தில் 72 இரட்டிப்புகள். ஒன்றை 72 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 5-க்குப் பின்னால் 21 பூச்சியங்கள் வரும். ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று கொண்டால் மொத்தம் சுமார் 4,700 டன் ஆகும். இரண்டாம் நாள் முடிவில் பூமியின் எடையைப் போலச் சில ஆயிரம் மடங்கு என்பதும் சரியே.

ஆனால் 20 நிமிடம் என்ற எண் யாருக்கு, எங்கே, எந்த நிலையில் என்று எவரும் கேட்பதில்லை. அது எஷரிசியா கோலை என்னும் குடல் பாக்டீரியாவுக்கு உரியது. பாக்டீரியாவை வளர்க்கும் சத்து நிறைந்த ஊடகத்தில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நல்ல காற்றோட்டத்துடன் ஆய்வகத்தில் வளர்க்கும்போது கிடைக்கும் எண் அது. இவற்றில் எதை மாற்றினாலும் எண்ணும் மாறிவிடும். விப்ரியோ நேட்ரீஜென்ஸ் என்ற கடல் பாக்டீரியா சாதகமான சூழலில் 10 நிமிடத்துக்குள் இரட்டிக்கும். கோலை அதற்குப் பக்கத்தில் மெதுவான ஆள்.

பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றின் ஆய்வக மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாலைப் பற்றி நாளை.

4 மே, காலை 6.55

காலையில் கறந்த பால் உடனே கெடாததற்கு முதற்காரணம், பாக்டீரியா வந்தவுடன் பெருகத் தொடங்குவதில்லை என்பது. புதிய சூழலில் விழுந்த செல் முதலில் அங்கே கிடைக்கும் சத்தைச் செரிக்கத் தேவையான நொதிகளைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். சேதமடைந்த உறுப்புகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதுவரை எண்ணிக்கை அப்படியே நிற்கும். இதைத் தயக்க நிலை என்கிறோம். அதன் பிறகு வருவதுதான் இரட்டிப்பு மேல் இரட்டிப்பாகப் பெருகும் மடக்கை நிலை. உங்கள் கணக்கு முழுவதும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இரண்டு நாளுக்கு நீட்டிவிட்டது. உண்மையில் உணவு தீர்ந்தோ, தான் கக்கிய அமிலமே தனக்கு எதிரியாகியோ பெருக்கம் நின்றுவிடும். பிறகு நிலைத்த நிலை, அதன் பிறகு இறப்பு நிலை.

இந்தக் கட்டங்களை எண்களோடு பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் மோனோ. 1949-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் கட்டங்கள் ஆறு. பள்ளிப் புத்தகங்கள் அவற்றை நான்காகச் சுருக்கிவிட்டன. அதற்கு முன்பே அவர் கண்ட ஒன்று பாலோடு நேரடியாகத் தொடர்புடையது: குளுக்கோஸையும் பால் சர்க்கரையான லாக்டோஸையும் சேர்த்துக் கொடுத்தால், கோலை முதலில் குளுக்கோஸைத் தீர்க்கிறது, பிறகு சற்று நேரம் வளராமல் நிற்கிறது, அதன் பிறகே லாக்டோஸில் கைவைக்கிறது. அந்த இடைநிற்றல் ஏன் என்று துருவிப் போனதுதான், மரபணு எப்போது வேலை செய்யும், எப்போது ஓயும் என்ற கேள்விக்கு இட்டுச் சென்று, 1965-இல் பிரான்சுவா ஜேக்கப், ஆந்த்ரே லுவோஃப் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

பச்சைப் பாலில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதி பாலில் இயற்கையாகவே இருக்கிறது. அது துணைப்பொருள்களோடு சேர்ந்து கறந்த பின் சில மணி நேரத்துக்குப் பாக்டீரியாவை அடக்கி வைக்கும். வெயில் ஏற ஏற இந்தக் காப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

4 மே, பிற்பகல் 1.20

"அப்படியானால் பாக்டீரியாவுக்கும் திங்கட்கிழமைச் சோம்பல் உண்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு, ஆனால் ஒருமுறை பாலில் நன்றாக வளர்ந்து கொண்டிருக்கும் செல்லை எடுத்து அதே வெப்பத்தில் உள்ள புதுப் பாலில் விட்டால் தயக்கம் ஏறத்தாழ இருக்காது. சரியாகக் கழுவாத கேனில் ஊற்றிய பால் ஏன் இத்தனை வேகமாகத் திரிகிறது என்பதற்கு இதுவே பாதி விடை.

5 மே, காலை 7.30

"கண்ணால் பார்க்க முடியாததை எப்படி எண்ணுவீர்கள்?" என்ற கேள்விக்கு.

முறையாக எண்ணுவதென்றால் பாலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஊடகத் தட்டில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்து, முளைத்த திட்டுகளை எண்ண வேண்டும். முடிவு வருவதற்குள் பால் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே அன்றாடத்துக்கு மெத்திலீன் நீலச் சோதனை. சோதனைக் குழாயில் 10 மில்லிலிட்டர் பாலும் 1 மில்லிலிட்டர் நீலச் சாயமும் விட்டு, அடைப்பானைப் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்து, 37 டிகிரி நீர்த்தொட்டியில் நிறுத்துவோம். பாக்டீரியா உயிர்ப்போடு இயங்கும்போது பாலில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு சாயம் நிறம் இழக்கும். நீலம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ நின்றால் மிக நல்ல பால். 3, 4 மணி என்றால் நல்ல பால். 1, 2 மணி என்றால் சுமார். அரை மணியில் வெளுத்துவிட்டால் மோசம்.

அந்தத் தொட்டியின் முன் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நீலம் ஒரே சமயத்தில் போவதில்லை. வெளிர்நீலத்தில் இருந்த குழாயில் வெண்மை கீழிருந்து மேலேறும். எல்லாம் பால்வெள்ளையான பிறகும் விளிம்பின் அருகே அரை விரல் அகலத்துக்கு ஒரு நீல வளையம் பிடிவாதமாக நிற்கும். மேற்பரப்பில் காற்று பட்டு ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருப்பதால் அங்கே சாயம் மீண்டும் மீண்டும் நீலமாகிறது. ஆகவே அந்த வளையத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் வளையம் போகட்டும் என்று காத்திருந்து, மோசமான பாலுக்கு நல்ல தரம் போட்டுவிடுவார்கள்.

ஒரே குழாய்க்குள் ஆக்சிஜன் உள்ள மேல்பகுதி, இல்லாத கீழ்ப்பகுதி என்று இரண்டு சூழல்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் இருந்தால்தான் வளரும் இனங்கள், அது பட்டாலே மடியும் இனங்கள், இரண்டிலும் சமாளிக்கும் இனங்கள் என்று பாக்டீரியாவைப் பிரிப்பது இதனால்தான். காற்றே இல்லாமல் உயிர்கள் வாழ முடியும் என்று 1861-இல் லூயி பாஸ்டர் சொன்னபோது அது பலருக்கு விழுங்க முடியாத செய்தியாக இருந்தது. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மூன்றாம் வகை.

5 மே, இரவு 9.05

வளர்ச்சியைப் பாதிக்கும் காரணிகள் என்றால் எல்லோரும் முதலில் வெப்பநிலையைச் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால், பாலைப் பொறுத்தவரை தொடக்க எண்ணிக்கையையும் அதே வரிசையில் வைத்துப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அது உயிரியலின் காரணி அல்ல, வெறும் கணக்கு என்பதால் பாடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மில்லிலிட்டரில் 1 கோடி என்ற அளவைத் தொடும்போது பால் ஏறத்தாழ கெடும் நிலைக்கு வந்துவிடுகிறது என்று கொள்வோம். சுத்தமாகக் கறந்த பால் மில்லிலிட்டருக்கு 1,000-இல் தொடங்கினால் அந்த எல்லைக்கு 13 இரட்டிப்புகளுக்குச் சற்று மேல் வேண்டும். அழுக்குக் கேனில் ஊற்றிய பால் 1 லட்சத்தில் தொடங்கினால் 7 இரட்டிப்புகூட வேண்டாம். இரட்டிப்புக்கு அரை மணி என்று வைத்தால் முன்னதற்கு ஆறே முக்கால் மணி நேரம், பின்னதற்குச் சுமார் மூன்றேகால் மணி. தயக்க நிலையையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வண்டி வர மூன்று மணி நேரமாகும் ஊர்களில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மாட்டிடமிருந்து வருவதில்லை. மடிநோய் இல்லாத மாட்டின் பாலில் பாக்டீரியா குறைவுதான். கழுவாத மடிக்காம்பு, ஈரக் கை, வைக்கோல் தூசி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேன். கேன் மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் கேனிலும் அந்தப் பள்ளத்தில் மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று ஒரு படிவு ஒட்டியிருக்கும். விரலில் எடுத்து முகர்ந்தால் பழைய வெண்ணெய் நாற்றம். கேனைச் சோடா போட்ட சுடுநீரில் கழுவி, வளையத்தைத் தனியே எடுத்துத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து உலரவிட்டால் மறுநாள் நீலம் நிற்கும் நேரமே மாறிவிடும். குளிர்சாதனம் வாங்கக் கடன் கேட்கும் சங்கங்கள் இந்த வளையத்துக்குச் செலவிடும் கவனம் மிகக் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

6 மே, காலை 8.10

"பிரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியதைத் திருத்த வேண்டியுள்ளது. சாகாது. குளிரில் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் மந்தமாகின்றன, சவ்வு இறுகுகிறது, வளர்ச்சி மெதுவாகிறது அல்லது நிற்கிறது. வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வளர்ச்சிக்கு ஏற்ற வரம்புக்குள் 10 டிகிரி கூடும்போது வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. வரம்பின் இரு ஓரங்களிலும் அந்தக் கணிப்பு உதவாது: கீழே மெல்ல மெல்லத் தேயும் வேகம், உச்சத்தைத் தாண்டிய சில டிகிரிகளில் செங்குத்தாகச் சரியும், ஏனெனில் அங்கே புரதங்களே உருக்குலைகின்றன.

4 டிகிரியில் கோலை நின்றுவிடும். ஆனால் குளிரையே சாதகமாக்கிக்கொள்ளும் இனங்கள் உள்ளன. பச்சைப் பாலில் இருக்கும் சூடோமோனாஸ் அந்தக் குளிரிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். லிஸ்டீரியா பூச்சியத்தை ஒட்டிய குளிரிலும் மெல்ல வளரும். ஆகவே குளிர்தொட்டியில் நாள்கணக்கில் கிடக்கும் பாலில் எண்ணிக்கை ஏறுவது மட்டுமன்றி, பாக்டீரியாக் கூட்டத்தின் கலவையும் மாறிவிடுகிறது: புளிக்கவைப்பவை ஒதுங்க, கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பவை தலைதூக்குகின்றன. பாஸ்டர் முறையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் சூடோமோனாஸ் சாகும். அது ஏற்கெனவே பாலில் விட்டுச்சென்ற நொதிகளில் சில அந்தச் சூட்டையும் தாங்கி வேலையைத் தொடரும். கெடுத்தவன் போன பிறகும் கெடுதல் நடக்கிறது. மாதக்கணக்கில் தாங்க வேண்டிய அட்டைப்பெட்டிப் பால் சில நேரம் கசந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

6 மே, காலை 8.25

மேலே கேட்ட துணைக்கேள்வி: மிக மெதுவான பாக்டீரியா எது? காசநோய்க் கிருமிக்கு ஓர் இரட்டிப்புக்கு 15 முதல் 20 மணி நேரம். தொழுநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். நார்வே மருத்துவர் ஹான்சன் அதை 1873-இல் கண்டார். இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை, எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். 20 நிமிடக் கணக்கை எல்லாக் கிருமிக்கும் பொருத்துபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

7 மே, இரவு 8.50

தயிர் பக்கம் பேச்சு திரும்பியதில் மகிழ்ச்சியே. அங்கேதான் வளர்ச்சி நமக்காக நடக்கிறது.

தயிர் உறைவது அமிலத்தால். புதுப் பாலின் கார அமிலக் குறியீடு (pH; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.6-இல் இருந்து 6.7 வரை. அது 4.6-ஐ நெருங்கும்போது கேசின் என்னும் பால்புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. ஆலைத் தயிரில் இரண்டு பாக்டீரியாக்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் முதலில் ஓடித் தொடங்கும். அது உண்டாக்கும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் லாக்டோபேசில்லஸ் பல்கேரிக்கஸ் வளர உதவும். பல்கேரிக்கஸ் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களை விட, அவற்றை முன்னது எடுத்துக்கொள்ளும். தனித்தனியே வளர்வதைவிடச் சேர்ந்து வளரும்போது வேகம் அதிகம். புளிப்பு ஏற ஏற முன்னது தளரும். பின்னது இன்னும் கொஞ்ச தூரம் போகும். மறுநாள் தயிர் புளிப்பது அதனால். இருவருக்கும் 42 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். பாலில் விரல் விட்டுப் பார்த்து "விரல் பொறுக்கும் சூடு" என்று நம் வீடுகளில் சொல்வது இந்த எண்ணுக்கு வியக்கத்தக்க அளவு அருகில் இருக்கிறது. அதைவிடக் கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் உறைமோர் வெந்துபோகும். ஆறிக் குளிர்ந்த பாலில், அதுவும் மார்கழியில் ஊற்றினால், விடிந்தும் தண்ணீராகவே நிற்கும்.

"எங்கள் பாட்டி மிளகாய்க் காம்பு போட்டே உறைய வைப்பார்" என்ற செய்திக்கு: நடக்கும். காம்பின் மேல் லாக்டிக் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை குறைவு. ஆகவே முதல் முறை நேரம் பிடிக்கும், தயிரும் சுமாராகவே வரும். அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டால் பழக்கப்பட்ட கூட்டம் கோடிக்கணக்கில் போய்ச் சேர்கிறது. 5-ஆம் தேதி இரவு எழுதிய தொடக்க எண்ணிக்கைக் கணக்கு இங்கே நமக்கு ஆதரவாக நிற்கிறது. மாமியார் கைராசி, மருமகள் கைராசி என்ற சண்டைக்குள் நான் நுழைவதாக இல்லை.

8 மே, பிற்பகல் 2.15

நீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாக. பாக்டீரியாவுக்கு நீர் இருந்தால் மட்டும் போதாது, பிணைக்கப்படாத நீர் இருக்க வேண்டும். சர்க்கரையும் உப்பும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தூய நீரின் நீர்ச்செயல்பாட்டை 1 என்று கொண்டால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 0.86 வரை விடாப்பிடியாக வளரும். அடுப்பில் நீரைச் சுண்டவைத்துச் சர்க்கரை சேர்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலைவிடப் பன்மடங்கு நாள் தாங்குவது இந்த விதியால்தான். பால்பவுடரில் பாக்டீரியா இருக்கும், வளராது. தண்ணீர் ஊற்றிக் கலக்கிய நிமிடத்திலிருந்து அது மீண்டும் பால்தான், கடிகாரம் ஓடத் தொடங்கும்.

9 மே, காலை 7.00

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் காலையும் மாலையும் காய்ச்சினால் போதுமே, குளிர் எதற்கு?" என்கிறார். உங்கள் அடுப்பங்கரைப் பால் மாலை வரை நிற்பதன் விளக்கம் நீங்கள் காய்ச்சுவதில்தான் இருக்கிறது. கொதிக்கவைத்ததும் வளரக்கூடிய செல்களில் ஏறத்தாழ எல்லாம் மடிந்துவிடுகின்றன; மிஞ்சுபவை வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் செல்கள். பேசில்லஸ் இனங்கள் உருவாக்கும் இந்த வித்துகள் கொதிநிலையைத் தாங்கும்; அவை முளைத்து, தயங்கி, பெருகி வர மணிக்கணக்கில் ஆகும். அத்துடன் மூடி திறக்கும்போதும் கரண்டி விடும்போதும் விழும் சில செல்களும் பூச்சியத்துக்கு அருகிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் மாலையில் மீண்டும் காய்ச்சும்போது எண்ணிக்கை மறுபடியும் கீழே போகிறது. மாலையில் காய்ச்ச மறந்து, கோடையில் மறுநாள் காலை வரை விட்டுப் பாருங்கள்.

புளிப்பே இல்லாமல் பால் திரிவதும் இந்த வித்துகளின் வேலையே. பேசில்லஸ் சீரியஸ் போன்றவை அமிலம் பெருகும் முன்பே புரதத்தை வெட்டும் நொதியை விடுகின்றன. பாக்கெட் பால் முகர்ந்தால் நன்றாக இருந்து, அடுப்பில் வைத்தவுடன் திரிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று: பெரிய அண்டாவில் காய்ச்சிய பாலைச் சூடாக மூடி வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 60 டிகிரிக்குக் கீழே வந்ததிலிருந்து 5 டிகிரிக்குப் போகும் வரை உள்ள இடைவெளியில்தான் வளர்ச்சி நடக்கிறது. விருந்துக்குக் காய்ச்சும்போது அகலமான பாத்திரங்களில் பிரித்து, நீர்த்தொட்டியில் நிறுத்திக் கிளறி ஆற்றினால் அந்த இடைவெளி சுருங்கும்.

10 மே, இரவு 9.30

கடைசியாக எழுந்த ஐயம்: நீலம் நெடுநேரம் நின்றால் நல்ல பால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு சங்கத்துப் பால் 6 மணி நேரம் தாண்டியும் நீலமாகவே நின்றது. கேன்களோ வழக்கம்போல அழுக்கு; அதே கேன்களில் முந்தைய வாரம் ஒன்றரை மணியில் வெளுத்த பால். சந்தேகப்பட்டு ஒரு கிண்ணம் பாலை எடுத்துக் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றி வைத்தோம். மறுநாள் காலை வரை உறையவில்லை. பக்கத்தில் வைத்த வேறு சங்கத்துப் பால் ஐந்து மணி நேரத்தில் கெட்டித் தயிர். விசாரித்ததில், மடிநோய்க்குப் பென்சிலின் மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள் கழியும் முன்பே ஒருவர் ஊற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டுமானத்தைத் தடுக்கும்; தயிர்க் கூட்டத்தில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிகச் சொற்ப அளவுக்கே மடங்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைக் கலந்த பாலும் இதே மாதிரி நீலத்தைப் பிடித்து வைத்து ஏமாற்றும். ஆகவே எதிர்பார்ப்பதைவிட மிக நல்ல முடிவு தரும் பாலுக்கு எங்கள் மேசையில் உடனே மருந்துச் சோதனையும் கலப்படச் சோதனையும் உண்டு. அவை முடியும் வரை அந்தக் கேன்கள் பொதுத் தொட்டியில் ஊற்றப்படுவதில்லை.